தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?



ஊரில் புதிதாக ஒரு பள்ளிக்கூடமோ மதரஸாவோ கட்டப் போகின்றோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜமாஅத்தார் கூடுகின்றார்கள். எத்தனை அறைகள், ஓர் அறையில் எத்தனை பிள்ளைகள், தரைக்கு மொசைக்கா டைல்ஸா, நன்கொடையாளர் பெயர்ப் பலகையை எந்தச் சுவரில் பதிப்பது என்றெல்லாம் பேச்சு நடக்கின்றது. அந்த அறையில் ஒரு பிள்ளைக்குத் தாங்க முடியாத கோபமோ அழுகையோ வந்துவிட்டால் அது எங்கே போய்த் தன்னை ஆற்றிக்கொள்ளும் என்று எவரேனும் கேட்டதுண்டா? நான் இருந்த கூட்டங்களில் எவரும் கேட்டதில்லை. கேட்டால் சிரிப்பார்கள். 'பிள்ளை அழுவதற்கு ஓர் இடமா?' என்பார்கள். இக்கட்டுரை அந்த இடத்தைப் பற்றியதுதான்.

நான் கட்டடக் கலை பயின்றவன் அல்லன். கலைப் பட்டம் பெற்று, பின்னர் ஓதிக்கொடுக்கும் பணிக்கு வந்தவன். இங்கே எழுதுவதெல்லாம் ஓதும் கூடத்தில் கண்ணால் கண்டவையும், கண்டவற்றைப் புரிந்துகொள்ளத் தேடிப் படித்தவையுமே ஆகும்.

வகுப்புக்கு ஒரு பிள்ளையேனும் இப்படி இருக்கும். திடீரென்று பக்கத்துப் பிள்ளையின் மேல் பாயும். கையில் கிடைத்ததை எறியும். கூப்பிடக் கூப்பிட ஓடும். வேறொரு பிள்ளை வாயே திறக்காது, தொட்டால் நடுங்கும், சுவரோரம் ஒடுங்கிக் கிடக்கும். முன்னதை 'அடங்காப்பிடாரி' என்கின்றோம். பின்னதை 'மந்தம்' என்கின்றோம். இரண்டையும் கல்வியாளர்கள் ஒரே பெயரில் அடக்கி, மனவெழுச்சியிலும் நடத்தையிலும் இடர்ப்பாடு உள்ள மாணவர்கள் என்று நெடுங்காலம் அழைத்து வந்தார்கள். இங்கிலாந்து நாட்டில் 2014-ஆம் ஆண்டு சிறப்புக் கல்வி விதித் தொகுப்பைத் திருத்தியபோது அப்பெயரிலிருந்து 'நடத்தை' என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். சமூக, மனவெழுச்சி, மனநல இடர்ப்பாடுகள் என்பதே அங்கு இப்போதுள்ள பெயர். வெளியே தெரியும் முரட்டுத்தனம் நோயன்று, அஃது ஓர் அடையாளமே என்பது அந்த மாற்றத்தின் பொருள்.

இஃது ஏதோ அயல்நாட்டுச் சங்கதி என்று எண்ணிவிடாதீர்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் 7.3 சதவிகிதத்தினர் ஏதேனும் ஒரு மனநலச் சிக்கலுடன் இருப்பதாகக் கண்டறிந்தார்கள். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஏறத்தாழ மூவர்.

ஓதும் கூடத்தில் ஓர் இடம்

எங்கள் மதரஸா பள்ளிவாசலை ஒட்டிய ஒரே கூடம். அஸர் தொழுகைக்குப் பின் மஃரிப் வரை நாற்பது பிள்ளைகள் அங்கே ஓதுகின்றார்கள். அவரவர் பாடத்தை அவரவர் உரக்க ஓதுவது நம் மக்தபுகளின் வழக்கம். ஒருவன் எழுத்துக்கூட்டுவான், ஒருவன் சிறு சூராக்களை மனனம் செய்வான், ஒருவன் குர்ஆனின் நடுப்பாகத்தில் இருப்பான். தெருவில் போகிறவர்களுக்கு அந்த ஒலி தேனீக்களின் ரீங்காரம்போல் இனிக்கும். முன்பு ஓட்டுக் கூரையும் கோரைப் பாயும் இருந்தபோது கூடத்துக்குள்ளும் அப்படித்தான் இருந்தது. பின்னர் மேலே கான்கிரீட் தளம் போட்டு, சுவரிலும் தரையிலும் பளபளப்பான கல் பதித்தார்கள். அழகு கூடியது. ஆனால், ஓசை எதிலும் தங்காமல் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பலாயிற்று.

இந்தக் கூடத்துக்கு ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் வந்து சேர்ந்தான். அதற்குமுன் படித்த பள்ளிக்கூடத்தில் அவனுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பெற்றோரே விரும்பிக் கேட்டு வாங்கியதாகத் தாயிடம் கையொப்பமும் பெற்றிருந்தார்கள். எங்களிடம் வந்த சில நாள்களிலேயே, குர்ஆன் வைத்து ஓதும் பலகையால் அருகிலிருந்த பையனை அடித்துவிட்டான். பையனின் உதடு கிழிந்து இரத்தம் கொட்டியது. அடிபட்ட பிள்ளையின் தந்தை நியாயமான கோபத்தோடு வந்தார். நிர்வாகிகளும் கூடி, அடித்தவனின் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடுவது என்று பேசி முடித்தார்கள்.

அன்று மாலை அவனுடைய தாயார் வாசலில் நின்று கேட்டார்: "ஹஜ்ரத், இங்கேயும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இவனை நான் எங்கே கொண்டு போவேன்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. அடிபட்ட பிள்ளையைப் பாதுகாக்கும் பொறுப்பும் என்னுடையதுதான். அடுத்த பிறை பிறக்கும்வரை தவணை கேட்டேன். அவனை என் பக்கத்திலேயே வைத்துக்கொள்வதாகப் பொறுப்பேற்றேன். நிர்வாகிகள் அரைமனத்தோடு சம்மதித்தார்கள்.

அவன் சீறும்போதெல்லாம் ஒரு சிறு குறிப்பேட்டில் மூன்று செய்திகளை எழுதி வைத்தேன். எந்த நேரம், எந்த இடம், அதற்கு முன் நடந்தது என்ன? சில நாள்களில் விடை தானாகவே தெளிந்தது. அவனுடைய பழைய இடம் கூடத்தின் நட்டநடுவில் இருந்தது. ஒளு செய்யும் ஹவுளுக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் அவன் முதுகை உரசிக்கொண்டே போவார்கள். என் அருகே வந்த பின்னரும், என்னிடம் பாடம் ஒப்புவிக்க வருகிற பிள்ளைகள் அவன் பின்னால்தான் வரிசையாக நின்றார்கள். எல்லாரும் குரலை உயர்த்தும் கடைசி அரைமணி நேரத்தில், யாரேனும் பின்னாலிருந்து அவனைத் தொட்டுவிட்டால் போதும், வெடித்துவிடுவான். சுப்ஹுக்குப் பின் பத்துப் பேரே வரும் காலை வகுப்பில் அவன் ஒருநாள்கூடச் சண்டையிட்டதில்லை. வெளித் திண்ணையில் அமர்த்தி ஓதவைத்தால் அமைதியாகவே ஓதினான். பையன் அதே பையன்தான், இடந்தான் வேறு.

சுவரும் ஓசையும்

இதன் பின்னரே, இதுபற்றி அறிந்தவர்கள் என்ன சொல்லியிருக்கின்றார்கள் என்று தேடலானேன்.

உலக சுகாதார நிறுவனம் 1999-ஆம் ஆண்டு வெளியிட்ட ஒலி வழிகாட்டியில், பாடம் நடக்கும்போது வகுப்பறைக்குள் புகும் பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டலாகாது என்றும், ஓர் ஒலி எழுந்து அடங்கும் எதிரொலி நேரம் 0.6 விநாடி அளவில் இருக்க வேண்டும் என்றும் கூறப்பட்டுள்ளது. வெறும் கல்லும் கான்கிரீட்டும் உள்ள பெரிய கூடத்தில் இந்த அளவு எளிதில் கிட்டாது. பாய், திரைச்சீலை, துணி பொதிந்த பலகை, புத்தகங்கள் நிறைந்த அடுக்கு ஆகியவை ஓசையை உறிஞ்சும். நாம் பழைமை என்று சுருட்டி வைத்த கோரைப் பாய்க்கு இப்படியும் ஒரு பயன் இருந்திருக்கின்றது.

சுவர்களைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்னா ஃபிஷர் என்பவரும் அவருடைய குழுவினரும் 2014-இல் வெளியிட்டது அது. மழலையர் வகுப்புப் பிள்ளைகள் 24 பேருக்குச் சில பாடங்களைப் படங்களும் வண்ணத் தாள்களும் நிறைந்த அறையிலும், சில பாடங்களை வெறுஞ்சுவர் அறையிலும் நடத்தினார்கள். அலங்கரித்த அறையில் பிள்ளைகளின் கவனம் பாடத்தைவிட்டு விலகிய நேரம் 38.6 சதவிகிதம், வெறுஞ்சுவர் அறையில் 28.4 சதவிகிதம். சோதனையில் சரியான விடைகள் முன்னதில் 42 சதவிகிதம். பின்னதில் 55 சதவிகிதம். இவர்கள் இடர்ப்பாடு ஏதுமற்ற சாதாரணப் பிள்ளைகள். ஒவ்வோர் அசைவுக்கும் திடுக்கிடும் பிள்ளைக்கு, நான்கு பக்கமும் கண்ணைப் பறிக்கும் சுவர்கள் எத்தனை சுமையாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

ஆனால், சிறைபோல் வெறுமையாக்கிவிடுவதும் தீர்வாகாது. இங்கிலாந்தின் சால்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 27 பள்ளிகளில் 153 வகுப்பறைகளையும் 3,766 மாணவர்களையும் ஆராய்ந்து 2015-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஓராண்டில் மாணவர்களின் கல்வி முன்னேற்றத்தில் காணும் வேறுபாட்டில் 16 சதவிகிதத்தை வகுப்பறையின் இயல்புகளே விளக்குகின்றன என்பது அவர்கள் கண்டது. வெளிச்சம், வெப்பம், காற்றின் தூய்மை ஆகியவற்றின் பங்கு அதில் பெரியது. சுவர் அலங்காரத்திலோ மிகுதியும் கூடாது, வெறுமையும் கூடாது, நடுநிலையே நன்று என்றார்கள்.

சமையற்கட்டு உள்ள வகுப்பறை

இலண்டன் மாநகரின் ஹேக்னி பகுதி வறியவர்களும் குடியேறியவர்களும் மிகுந்திருந்த இடம். கல்வி உளவியலாளரான மார்ஜரி பாக்ஸால் அம்மையார் அங்கே பணியாற்றினார். பள்ளியில் சேர்ந்த சிறுவர்கள் பலர் அடிப்பதும் அலறுவதுமாக இருந்தார்கள். சிறப்புப் பள்ளிக்கு அனுப்புமாறு அவர்களின் பெயர்கள் குவிந்துகொண்டே இருந்தன. இவர்களைப் பள்ளியைவிட்டு அனுப்பாமல் பள்ளிக்குள்ளேயே வேறுவகை அறை ஒன்று அமைத்தால் என்ன என்று அவர் எண்ணினார். 1969-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய அம்முயற்சிக்குப் 'பேணும் குழு' என்று நாம் பெயரிடலாம்.

அந்த அறை பாதி வீடு, பாதி பள்ளிக்கூடம். ஒரு பக்கம் படிக்கும் மேசைகள். மறுபக்கம் மெத்தை இருக்கை, விரிப்பு, சிறு சமையற்கட்டு, எல்லாரும் சேர்ந்து காலை உணவு உண்ண ஒரு மேசை. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர்கள். பிள்ளையின் பெயர் மட்டும் பழைய வகுப்பின் பதிவேட்டிலேயே இருக்கும். நாள்தோறும் சிறிது நேரமேனும் தன் வகுப்பாரோடு கலக்கும். சில பருவங்கள் கழித்து முழுமையாக அங்கே திரும்பிவிடும். போவதற்கு வழி வைத்தவர்கள் திரும்புவதற்கும் வழி வைத்தார்கள் என்பதே இதில் நான் மிகவும் மதிப்பது. இன்றும் பிரிட்டனின் பள்ளிகள் பலவற்றில் இம்முறை நடக்கின்றது.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பள்ளிகள் பலவற்றில் 'அமைதி அறை' என்ற பெயரில் சிறு அறைகள் இருந்தன. கோபம் கொண்ட பிள்ளை ஆறுதல் பெறுவதற்கென்று சொல்லியே அவற்றைக் கட்டினார்கள். 2019 நவம்பரில் சிகாகோ டிரிப்யூன் நாளிதழும் புரோபப்ளிகா செய்தி நிறுவனமும் பள்ளிகளின் ஆவணங்களைக் கொண்டே உண்மையை வெளியிட்டன. 2017-18 கல்வியாண்டிலும் 2018 டிசம்பர்த் தொடக்கம் வரையிலுமாகப் பிள்ளைகள் தனியறையில் அடைக்கப்பட்ட நிகழ்வுகள் 20,000-க்கும் மேற்பட்டவை. பாலைக் கொட்டியதற்கும் பாடம் எழுத மறுத்ததற்கும்கூட அடைத்திருந்தார்கள். உள்ளே பிள்ளைகள் கதறியதையும் சுவரில் மோதியதையும் வெளியே நின்ற ஆசிரியர்களே குறித்து வைத்திருந்தார்கள். செய்தி வெளியான மறுநாளே மாநிலக் கல்வித்துறை அவசர விதிகளால் அவ்வழக்கத்துக்குத் தடை விதித்தது.

ஹேக்னியிலும் நான்கு சுவர்கள்; இல்லினாயிலும் நான்கு சுவர்கள். இரண்டுக்கும் நோக்கம் அமைதி என்றே சொல்லப்பட்டது. ஆனால், ஓரிடத்துக்குப் பிள்ளையோடு ஒரு பெரியவர் உடன் சென்றார். மற்றோரிடத்தில் பெரியவர் வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொண்டார். ஆகவேதான் எந்த அறையைக் கண்டாலும் நான் முதலில் கதவைப் பார்க்கின்றேன். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கின்றது? வெளிப்பக்கம் இருந்தால் அது தண்டனை. உட்பக்கம் இருந்தால் ஆபத்து. உள்ளே இருக்கும் பிள்ளையை நாம் அணுக முடியாது. தாழ்ப்பாளே இல்லாததுதான் அடைக்கலம்.

சட்டம் நின்றுவிடும் வாசல்

நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியைவிட்டு நீக்கலாகாது என்கின்றது. உடலை வருத்தும் தண்டனையையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் அதன் 17-ஆம் பிரிவு தடுக்கின்றது. 'பெற்றோரே விரும்பிக் கேட்டார்' என்று எழுதி வாங்கும் தந்திரம் ஏன் நடக்கின்றது என்பது இப்போது விளங்கும்.

ஆனால், 2012-இல் செய்த திருத்தத்தின்படி அச்சட்டம் மதரஸாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் பொருந்தாது. சட்டம் நம் வாசலில் நின்றுவிடுகின்றது. அதற்கு அப்பால் பிள்ளைக்குக் காவல் நம்முடைய மனச்சாட்சி மட்டுமே. தொழுகையை நீட்ட எண்ணி நின்ற பெருமானார் (ஸல்) அவர்கள், ஒரு குழந்தை அழும் குரல் கேட்டதும் தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையைச் சுருக்கினார்கள் என்று நாமே பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றோம். குழந்தையின் அழுகைக்காக ஜமாஅத் தொழுகையே சுருங்கியது என்றால், ஓதும் கூடத்தில் ஒரு பாயின் இடம் மாறலாகாதா?

எங்கள் கூடத்தில் செய்தது இவ்வளவே. அந்தச் சிறுவனைச் சன்னலோர மூலைக்கு மாற்றினோம். முதுகுக்குச் சுவர், பக்கவாட்டில் வெளிச்சம், வாசலைப் பார்த்த முகம். பின்னாலிருந்து யாரும் தொட இயலாது. ஹவுளுக்குப் போகும் வழியை எதிர்ப்புறமாக ஒதுக்கினோம். பழைய பாய்களை மீண்டும் விரித்தோம். கடைசி அரைமணியில் பாதிப் பேரைத் திண்ணைக்கு அனுப்பினோம். இடுப்பளவு உயரமுள்ள ஒரு புத்தக அடுக்கைக் குறுக்கே வைத்து மற்றொரு மூலையில் சிறு மறைப்பு உண்டாக்கினோம். மனம் சரியில்லாத எந்தப் பிள்ளையும் கேட்காமலே அங்கே போய்ச் சற்று உட்காரலாம். யாரும் கேலி செய்யக் கூடாது. நான் இருக்கும் இடத்திலிருந்து தலை தெரிய வேண்டும். இவைதாம் நிபந்தனைகள்.

அந்தப் பையன் மலக்காக மாறிவிட்டான் என்று நான் சொல்லவில்லை. அதன்பின்னும் இரண்டொரு முறை சண்டையிட்டான். ஆனால், சீற்றம் வரும்போது பலகையைத் தேடிய கை, இப்போது பெரும்பாலும் மூலையைத் தேடுகின்றது. அவன் மட்டுமா அங்கே போகின்றான்? நல்ல பிள்ளை என்று நாங்கள் கவலைப்படாமல் விட்டிருந்த சிறுமி ஒருத்தி, அடுத்தடுத்து நான்கு நாள்கள் அங்கே போய் அமர்ந்தாள். அவள் வீட்டில் ஏதோ துயரம் என்பது அப்போதுதான் தெரிய வந்தது. தவணை முடிந்த பிறகு பையனின் பெயரை எடுப்பது பற்றி நிர்வாகிகள் பேசவில்லை. அடிபட்டவனின் தந்தை ஒருநாள் வந்து அந்த மூலையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். மறுவாரம் இரண்டு புதுப் பாய்கள் வாங்கி அனுப்பினார்.

எல்லாச் சிக்கலும் பாயினாலும் சன்னலாலும் தீர்ந்துவிடும் என்று எவரும் கருத வேண்டாம். பிள்ளை தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டால், உறக்கமும் உணவும் கெட்டால், பேச்சே நின்றுவிட்டால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். அதில் வெட்கப்பட ஏதுமில்லை. இடம் செய்யும் உதவி, மற்ற உதவிகள் வந்து சேரும்வரை பிள்ளையை நம்மோடு இருத்தி வைப்பது.

கட்டடக் குழுவினரே, அடுத்த வரைபடத்தை விரிக்கும்போது சில கேள்விகளைக் கேளுங்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாசலில் நெருக்கிக்கொண்டு வெளியேற வேண்டுமா? பெரியவர் கண்ணில் படாத இருட்டு மூலைகள் உண்டா? ஓசையை விழுங்க எதை வைத்திருக்கின்றோம்? ஒதுங்க ஓர் இடம் உண்டா? ஆபத்தில் எல்லாரும் விரைந்து வெளியேற முடியுமா? 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளை நெருப்புக்குப் பறிகொடுத்த மாநிலம் நம்முடையது. குறுகிய படிக்கட்டும் ஓலைக் கூரையும் என்ன செய்யும் என்பதை நாம் மறக்கலாகாது.

தாய்மார்களே, உங்களிடமும் ஒன்று கேட்கின்றேன். அடம் பிடிக்கும் பிள்ளையைக் குளியலறையில் தள்ளி வெளியே தாழிடும் வழக்கம் நம் வீடுகள் பலவற்றில் இன்னும் இருக்கின்றது. பிள்ளை அழுது ஓய்ந்துவிடும்; நாமும் அடங்கிவிட்டது என்று நிம்மதி அடைவோம். ஆனால், கோபம் வந்தால் போக இடமில்லை என்பதைத்தான் அது அங்கே கற்றுக்கொள்கின்றது. வீடு சிறியதாக இருக்கலாம். பீரோவுக்கும் சுவருக்கும் இடையே ஒரு தலையணை போடும் அளவுக்கு இடம் இருந்தாலும் போதும். 'உனக்கு மனம் சரியில்லாதபோது இங்கே வந்து இரு. நான் அடுப்படியில்தான் இருப்பேன்' என்று, கோபமில்லாத ஒரு நேரத்தில் பிள்ளையிடம் சொல்லி வையுங்கள். அது திரும்பி வரும்போது, எங்கே போனாய் என்று கேளாமல், சாப்பிட வா என்று கூப்பிடுங்கள்.